வறுமை பாடவில்லை, வானொலிதான் பாடியது

(‘வறுமை கலைஞனை வளர்க்கிறதா, வாட்டுகிறதா?’ என்ற தலைப்பில் நடைபெற்ற தொலைக்காட்சிக் கருத்தரங்கில், ‘வாட்டுகிறது’ என்ற அணியில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்.)



எனக்கு முன் பேசிய நண்பர் அழகாகப் பேசினார். வறுமைதான் பாட்டைப் பெற்ற தாய் என்றார். அதற்குச் சாட்சியாக எல்விஸ் பிரெஸ்லியைக் கொண்டுவந்து நிறுத்தினார். இரண்டே அறை கொண்ட வீட்டில் பிறந்த பிள்ளை உலகத்தையே ஆட வைத்தான் என்று அவர் சொன்னபோது அரங்கம் கைதட்டியது. நானும் தட்டினேன். நல்ல பேச்சுக்குக் கைதட்டுவதில் தப்பில்லை. ஆனால் அவர் கொண்டுவந்த அதே சாட்சியை நான் இப்போது குறுக்கு விசாரணை செய்யப் போகிறேன். நடுவர் அனுமதிக்க வேண்டும்.

முதலில் காலத்தைப் பார்த்துக்கொள்வோம். 1929 அக்டோபரில் நியூயார்க் பங்குச் சந்தை சரிந்தது. 1933இல் அமெரிக்காவில் வேலை செய்யக்கூடிய நால்வரில் ஒருவருக்கு வேலை இல்லை. கொஞ்சம் தலைதூக்கிய பொருளாதாரம் 1937இல் மறுபடியும் விழுந்தது. அந்தப் பெருமந்தத்தின் பிற்பகுதியில், அதாவது 1935 முதல் 1939 வரை, பிறந்த பாடகர்களின் பெயர்களைக் கேளுங்கள். எல்விஸ் பிரெஸ்லி, ஜெர்ரி லீ லூவிஸ் இருவரும் 1935. படி ஹோலி, ராய் ஆர்பிசன் 1936. மெர்ல் ஹாகர்ட், வேலன் ஜென்னிங்ஸ் 1937. பில் விதர்ஸ், எட்டா ஜேம்ஸ் 1938. மார்வின் கே, டீனா டர்னர் 1939. எவர்லி சகோதரர்களில் அண்ணன் டான் 1937இல் பிறந்தார், தம்பி பில் 1939இல். இருபதாம் நூற்றாண்டின் பாதி இசைத்தட்டுகள் இந்த ஐந்து ஆண்டுத் தொட்டில்களிலிருந்து வந்தவை என்று சொன்னால் கொஞ்சம் மிகைதான். ஆனாலும் ரொம்ப மிகையில்லை.

நண்பர் இதைத்தான் சான்று என்கிறார். நான் ஒரு சின்னக் கணக்குக் கேட்கிறேன். அந்த ஆண்டுகளில் அமெரிக்காவில் ஆண்டுக்கு ஏறக்குறைய 24 லட்சம் குழந்தைகள் பிறந்தன. ஐந்து ஆண்டுக்கு 1 கோடியே 20 லட்சம். இதில் கணிசமானவர்கள் கஷ்டப்பட்ட குடும்பத்துப் பிள்ளைகள். வறுமை பாட்டைப் பெறும் என்றால் லட்சக்கணக்கான எல்விஸ்கள் அல்லவா வந்திருக்க வேண்டும்? பரிசு விழுந்தவனை மட்டும் படம் பிடித்துப் போட்டுவிட்டு, சீட்டு வாங்கினால் பணக்காரன் ஆகலாம் என்று சொல்வது போல இருக்கிறது இந்த வாதம். விழாதவர்களின் வீட்டுக்கு யாரும் படம் பிடிக்கப் போவதில்லை.

சரி, எல்விஸ் வீட்டுக்கே போவோம். மிசிசிப்பி மாநிலம், டூப்பலோ என்ற ஊர். அப்பா வெர்னன் 180 டாலர் கடன் வாங்கி, உறவினர் துணையோடு தன் கையாலேயே கட்டிய வீடு. 1935 ஜனவரி 8ஆம் தேதி அங்கே இரட்டைப் பிள்ளைகள் பிறந்தன. முதல் பிள்ளை உயிரில்லாமல் பிறந்தது. இரண்டாவது பிள்ளைதான் எல்விஸ். 1938இல் அப்பா ஒரு காசோலையில் தொகையைத் திருத்திவிட்டார் என்று சிறைக்கு அனுப்பப்பட்டார். வீடு கைவிட்டுப் போனது. மூன்று வயதுப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு அந்தத் தாய் உறவினர் வீட்டில் போய் நின்றாள்.

இது வறுமை செய்த வேலை. இதில் பாட்டு எங்கே இருக்கிறது? அப்பனைப் பறித்தது, வீட்டைப் பறித்தது, அவ்வளவுதான்.

பாட்டு வேறு வழியில் வந்தது. ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்தில் ஊரே சேர்ந்து பாடியதில் வந்தது. 1946இல் பதினோராவது பிறந்த நாளுக்கு அம்மா வாங்கிக் கொடுத்த கிதாரில் வந்தது. பையன் கேட்டது மிதிவண்டி என்பார்கள், துப்பாக்கி என்றும் சொல்வார்கள். கிடைத்தது கிதார். அதில் விரல் வைக்கச் சொல்லிக்கொடுக்கச் சித்தப்பாவும் இருந்தார், இளம் போதகரும் இருந்தார். உள்ளூர் வானொலி நிலையம் ஒன்று சனிக்கிழமைகளில் யார் வேண்டுமானாலும் வந்து பாடலாம் என்று கதவைத் திறந்து வைத்திருந்தது.

பிறகு 1948இல் குடும்பம் மெம்பிஸ் நகருக்குக் குடிபெயர்ந்தது. அடுத்த ஆண்டு அவர்களுக்கு லாடர்டேல் கோர்ட்ஸ் என்ற அடுக்குமாடிக் குடியிருப்பில் ஒரு வீடு கிடைத்தது. இந்த இடத்தில் நேயர்கள் கொஞ்சம் கவனிக்க வேண்டும். அது யார் கட்டியது? பெருமந்த காலத்தில் அதிபர் ரூஸ்வெல்ட்டின் அரசாங்கம் ஏழைத் தொழிலாளர் குடும்பங்களுக்காகத் தொடங்கிய பொது வீடமைப்புத் திட்டத்தில் எழும்பியது. தனிக் குளியலறை உள்ள வீடு பிரெஸ்லி குடும்பத்துக்கு வாய்த்தது அங்கேதான். அதே குடியிருப்பில் கிதார் வாசிக்கும் மற்ற பையன்கள் இருந்தார்கள். மாலையில் ஒன்றுகூடி வாசித்தார்கள். கறுப்பின இசைக்குப் பேர்போன பீல் தெரு நடந்து போகும் தூரம். 1953இல் குடும்ப வருமானம் வரம்பைத் தாண்டிவிட்டது என்று வீட்டைக் காலி செய்ய வேண்டி வந்தது. அந்த ஆண்டே கோடையில் எல்விஸ் ஏறக்குறைய 4 டாலர் கட்டணம் கட்டித் தன் குரலை முதன்முதலாகப் பதிவு செய்தார். அதாவது, சோற்றுக்குப் போக 4 டாலர் மிச்சம் இருந்த பிறகுதான் உலகம் அந்தக் குரலைக் கேட்கும் வாய்ப்பே பிறந்தது. நண்பரின் சாட்சி நம் பக்கம் நகர்கிறார், பாருங்கள்.

நான் சொல்ல வரும் முக்கியமான ஆள் இனிமேல்தான் வருகிறார். அவர் பாடகர் அல்லர். மரப்பெட்டிக்குள் உட்கார்ந்திருந்த வானொலி!

பெருமந்தம் இசைத்தட்டு வணிகத்தை ஏறக்குறையக் கொன்றே போட்டது. 1927இல் அமெரிக்காவில் 10 கோடிக்கு மேல் விற்ற இசைத்தட்டுகள், 1932இல் 60 லட்சம் அளவுக்கு விழுந்தன. ரொட்டிக்கே வழியில்லாதவன் இசைத்தட்டு வாங்குவானா? ஆனால் வானொலிப் பெட்டி அப்படியில்லை. ஒருமுறை வாங்கினால் போதும், பாட்டு இலவசம். நாஷ்வில் நகரின் டபிள்யூ.எஸ்.எம். நிலையம் 1932இல் 50,000 வாட் ஆற்றலுக்கு உயர்ந்தது. இரவானால் மத்திய அலை வான மண்டலத்தில் பட்டுத் திரும்பி நெடுந்தூரம் போகும். நாஷ்விலில் சனிக்கிழமை இரவு பாடினால் பல மாநிலங்கள் தாண்டியிருக்கும் பண்ணை வீட்டில் கேட்கும்.

ஆனால் பண்ணை வீட்டில் மின்சாரம் ஏது? 1935 வாக்கில் அமெரிக்கப் பண்ணை வீடுகளில் பத்தில் ஒன்றுக்குத்தான் மின்விளக்கு. அந்த ஆண்டில்தான் கிராமப்புற மின்மயத்துக்கென்று தனி நிறுவனத்தை அரசாங்கம் அமைத்தது. அதுவரைக்கும் மின்கலத்தில்தான் வானொலி ஓடியது. டெக்சாஸ் மாநிலத்து வேலன் ஜென்னிங்ஸின் அப்பா, சனிக்கிழமை இரவு தன் சிறுலாரியின் மின்கலத்திலிருந்து கம்பி இழுத்து வீட்டு வானொலியோடு இணைப்பாராம். லாரி வெளியே, பாட்டு உள்ளே! அந்தப் பிள்ளை பாடகன் ஆகாமல் வேறு என்ன ஆவான்?

இன்னொரு வீடு. இது மிசிசிப்பியின் பருத்திக் காடு. வாரத்துக்குப் பயிரிடும் கறுப்பினக் குடும்பம், பதினொரு பிள்ளைகள். அதில் 1934இல் பிறந்த ஒருவர் சார்லி பிரைட். நான் சொன்ன ஐந்தாண்டுக்கு ஓராண்டு மூத்தவர், பரவாயில்லை, நடுவர் மன்னிப்பார். அவர் அப்பா ஒரு பில்கோ வானொலி வாங்கி வைத்தார். அதில் வெள்ளையர்களின் நாட்டுப்புறப் பாட்டை அந்தப் பிள்ளை கேட்டது. கறுப்பினப் பிள்ளை எந்தப் பாட்டைக் கேட்க வேண்டும், எதைக் கேட்கக்கூடாது என்று வானொலிப் பெட்டிக்குத் தெரியாதே! 1966இல் அவருடைய இசைத்தட்டுகளை நிலையங்களுக்கு அனுப்பிய நிறுவனம் அவர் புகைப்படத்தை அனுப்பவில்லை. முகத்தைப் பார்த்தால் ஒலிபரப்ப மாட்டார்கள் என்ற பயம். 1971இல் அந்த இசையுலகின் ஆண்டின் சிறந்த கலைஞர் விருது அதே முகத்துக்குக் கிடைத்தது. எதிர்த்திசையில் படி ஹோலியைப் பாருங்கள். லபக் நகரத்து வெள்ளைக்காரப் பையன். இரவில் காருக்குள் உட்கார்ந்து, லூசியானா மாநிலத்து ஷ்ரீவ்போர்ட் நிலையம் ஒலிபரப்பிய கறுப்பின இசையைக் காதைத் தீட்டிக்கொண்டு கேட்டவர். பள்ளிக்கூடத்திலும் பேருந்திலும் உணவகத்திலும் இனம் பார்த்துச் சுவர் வைத்திருந்த நாட்டில், காற்றில் மட்டும் சுவர் வைக்க முடியவில்லை. ராக் அண்ட் ரோல் என்ற இசை பிறந்தது அந்த இடைவெளியில்தான்.

சரி, மற்ற வீடுகள்? எவர்லி சகோதரர்களின் அப்பா ஐக், கென்டக்கியின் நிலக்கரிச் சுரங்கத்தில் வேலை பார்த்தவர். நல்ல கிதார் கலைஞர். சுரங்கத்தைவிட்டு வெளியேறி, அயோவா மாநிலத்தில் வானொலி நிலையத்தில் குடும்பத்தோடு பாடும் வேலைக்குப் போனார். இரண்டு பிள்ளைகளும் விடியற்காலையில் ஒலிவாங்கிக்கு முன் நின்று பாடிவிட்டுப் பள்ளிக்கூடம் போனார்கள். அந்த அண்ணன் தம்பி குரல் இழைந்து போகிறதே, அது சுரங்கம் கொடுத்ததா, சுரங்கத்தைவிட்டு வெளியே வந்தது கொடுத்ததா? ஜெர்ரி லீ லூவிஸுக்குப் பியானோ வாங்க அவர் பெற்றோர் பண்ணையை அடமானம் வைத்தார்கள். பண்ணை இருந்தது, அடமானம் வைத்தார்கள். அடமானம் வைக்கவும் எதுவும் இல்லாத அடுத்த வீட்டுப் பிள்ளைக்கும் விரல் பத்துதான் இருந்திருக்கும்.

எதிரணி நண்பர் மெர்ல் ஹாகர்ட் பெயரைக் குறித்து வைத்திருக்கிறார், இங்கிருந்தே தெரிகிறது. அவருக்கு முன்னால் நானே சொல்லிவிடுகிறேன். ஒக்லஹோமாவில் களஞ்சியம் எரிந்து, பிழைப்புத் தேடிக் கலிபோர்னியா வந்த குடும்பம். ரயிலின் பழைய குளிர்பதனப் பெட்டி ஒன்றை அப்பா வீடாக மாற்றினார். அதில்தான் 1937இல் பிறந்த மெர்ல் வளர்ந்தார். ஒன்பது வயதில் அப்பா இறந்துவிட்டார். பையன் வழிதவறினான். திருட்டு, சீர்திருத்தப் பள்ளி, கடைசியில் சான் குவென்டின் சிறை. அங்கே கைதிகளுக்காக ஜானி கேஷ் பாடியதைக் கேட்டார், வெளியே வந்து பெரும் பாடகர் ஆனார். அருமையான கதை. திரைப்படத்துக்கு ஏற்றது. ஆனால் இந்தக் கதையில் ஒரு பக்கத்தைப் புரட்டாமல் விட்டுவிடுகிறார்கள். சிறைக்குப் போவதற்குச் சில ஆண்டுகளுக்கு முன், பதின்ம வயதிலேயே, லெஃப்டி ஃபிரிசெல் என்ற புகழ்பெற்ற பாடகர் அந்தப் பையனின் பாட்டைத் திரைக்குப் பின்னால் கேட்டு, ‘இவன் முதலில் பாடட்டும், பிறகுதான் நான் மேடையேறுவேன்’ என்கிற மாதிரி பிடிவாதம் பிடித்து மேடையேற்றியிருக்கிறார். பாட்டு முன்னமே இருந்தது. சிறை அதற்குக் கொடுத்தது எதுவும் இல்லை. இளமையில் ஏறக்குறைய மூன்று ஆண்டுகளை எடுத்துக்கொண்டதுதான் மிச்சம். 1972இல்தான் ஆளுநர் ரீகன் அவருக்கு முழு மன்னிப்பு வழங்கினார்.

‘அந்தப் பாட்டில் இருக்கும் வலி எங்கிருந்து வந்தது?’ என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. வலி வாழ்க்கையிலிருந்துதான் வந்தது, மறுக்கவில்லை. பட்டதைப் பாடினார்கள். ஆனால் பட்டவர்கள் எல்லாருக்கும் பாட ஒரு பெட்டி, ஒரு கிதார், சொல்லிக்கொடுக்க ஒரு சித்தப்பா கிடைக்கவில்லை என்பதுதான் என் வழக்கு.

இன்னொன்றும் இருக்கிறது. இந்தப் பிள்ளைகள் பிறந்தது மந்தத்தில், பாடியது வளத்தில். மந்த காலத்தில் குழந்தைப் பிறப்பு குறைவு. 1957இல் அதே நாட்டில் ஓராண்டில் 43 லட்சம் குழந்தைகள் பிறந்தன, அதோடு ஒப்பிட்டால் இவர்கள் சின்னக் கூட்டம். பதினெட்டு வயதில் வேலை தேடி வெளியே வந்தபோது போருக்குப் பிந்தைய வளம் காத்திருந்தது. ஆள் குறைவு, வேலை அதிகம். எல்விஸ் பள்ளி முடித்த பிறகு லாரி ஓட்டினார். கையில் காசு புரளும் இளையர்கள் என்று ஒரு வாடிக்கையாளர் கூட்டம் அப்போதுதான் உருவானது. 1949இல் 45 சுழற்சி கொண்ட சிறிய இசைத்தட்டு வந்தது. 1954இல் சட்டைப் பையில் அடங்கும் டிரான்சிஸ்டர் வானொலி வந்தது. அதே 1954 ஜூலையில் எல்விஸின் முதல் இசைத்தட்டு வந்தது. இவை எல்லாம் ஒரே நேரத்தில் வந்து சேர்ந்திராவிட்டால், லாரி ஓட்டுநர் பிரெஸ்லி நன்றாகப் பாடுவார் என்று அவர் தெருவுக்கு மட்டும் தெரிந்திருக்கும்.

இப்போது அந்த முதல் இசைத்தட்டுக்கு வருகிறேன். அதில் எல்விஸ் பாடியது ‘தட்ஸ் ஆல் ரைட்’. எழுதியவர் ஆர்தர் கிரூடப், 1905இல் மிசிசிப்பியில் பிறந்த கறுப்பினக் கலைஞர். 1946இல் அவரே பாடிப் பதிவு செய்தது. வறுமைதான் கலைஞனை வளர்க்கும் என்றால் இந்த மனிதரைவிடப் பொருத்தமான சாட்சி உண்டா? ஆனால் அவருக்கு உரிமைத்தொகை ஒழுங்காக வந்து சேரவில்லை. பாட்டுகளின் உரிமை அவர் கையில் இல்லை. வெறுத்துப்போய் 1950களில் இசைப்பதிவையே விட்டுவிட்டுப் பண்ணைக் கூலி வேலைக்குத் திரும்பினார். 1955 நவம்பரில் எல்விஸின் ஒப்பந்தத்தை 35,000 டாலருக்கு ஒரு பெரிய நிறுவனம் வாங்கியது. கிரூடப் ஒரு காலத்தில் பாடிக்கொடுத்ததும் அதே நிறுவனத்துக்குத்தான். எல்விஸ் அவருடைய பாட்டுகளில் இன்னும் சிலவற்றையும் பாடினார். கிரூடப் தனக்கு வரவேண்டியது முழுதாக வராமலே 1974இல் இறந்தார். உழுகிறவன் ஒருவன், உண்கிறவன் ஒருவன் என்று நம்மூரில் சும்மாவா சொன்னார்கள்?

ஓட்டிஸ் பிளாக்வெல் கதையும் இதற்குப் பக்கத்து வீட்டுக் கதைதான். நியூயார்க்கில் 1955 கிறிஸ்துமஸுக்கு முதல் நாள் கையில் காசில்லாமல் ஆறு பாட்டுகளை ஆளுக்கு 25 டாலர் என்று விற்றார். அதில் ஒன்று ‘டோன்ட் பி குரூவல்’. மறு ஆண்டு அதை எல்விஸ் பாடினார், உலகமே பாடியது.

வெள்ளைக்காரர்களையும் காசு விட்டுவைக்கவில்லை. படி ஹோலி 1959 ஜனவரியில், கடும் பனியில், சூடேற்றும் கருவி வேலை செய்யாத பேருந்தில் ஊர் ஊராகப் பாடப் போனார். புகழின் உச்சியில் இருந்தவருக்கு அந்தத் தலையெழுத்து ஏன்? மேலாளருடன் ஏற்பட்ட பிணக்கில் வரவேண்டிய பணம் முடங்கிக் கிடந்தது, வீட்டில் மனைவி கர்ப்பிணி. பேருந்துக் குளிர் தாங்காமல் சின்ன விமானம் ஒன்றை அமர்த்தினார். பிப்ரவரி 3ஆம் தேதி அது விழுந்தது. வயது 22. அந்த விமானத்தில் தன் இருக்கையை உடல்நலமில்லாத இன்னொரு பாடகருக்கு விட்டுக்கொடுத்துவிட்டுப் பேருந்திலேயே போனவர்தான், அப்பாவின் லாரியில் கம்பி இழுத்துப் பாட்டுக் கேட்ட வேலன் ஜென்னிங்ஸ்.

நடுவர் மணியைத் தொடுகிறார். இன்னும் இரண்டு செய்தி சொல்லி அமர்ந்துகொள்கிறேன்.

அரசாங்க வீடு எல்விஸை வளர்த்தது என்றேன். அந்த லாடர்டேல் கோர்ட்ஸ் வெள்ளையருக்கு மட்டும். மெம்பிஸில் கறுப்பினத்தவருக்கென்று தனியே வேறொரு குடியிருப்பு கட்டப்பட்டது. ஆர்க்கன்சாவில் நொடித்துப்போன விவசாயிகளுக்கு வீடும் நிலமும் கொடுத்து டயஸ் என்ற குடியேற்றத்தையே அரசாங்கம் உண்டாக்கியது. 1935இல் மூன்று வயது ஜானி கேஷின் குடும்பம் அங்கே குடியேறியது. அந்த நிலமும் வெள்ளையருக்கு மட்டும். ஆற்றுக்கு அக்கரையில் டென்னசியில், 1939இல் பிறந்து, நட்புஷ் என்ற சிற்றூரில் பருத்தி பறித்து வளர்ந்த ஆனா மே புல்லக் என்ற சிறுமிக்கு அப்படி எந்தக் குடியேற்றமும் திறந்திருக்கவில்லை. அவர்தான் பின்னாளில் டீனா டர்னர். 2023இல் சுவிட்சர்லாந்தில் மறைந்தார். அவர் போல் வெளியே வந்தவர் ஒருவர். அதே வயலில் குனிந்து நின்ற மற்ற சிறுமிகளின் குரல் எப்படி இருந்தது என்று கேட்க நமக்கு வழியில்லை.

கடைசியாக பில் விதர்ஸ். 1938இல் மேற்கு வர்ஜீனியாவின் சுரங்க ஊர் ஒன்றில் பிறந்தவர். திக்குவாய். பதின்மூன்று வயதில் அப்பா போய்விட்டார். ஒன்பது ஆண்டு கடற்படை. அதன் பிறகு விமானங்களுக்குக் கழிவறை பொருத்தும் தொழிற்சாலையில் வேலை. முதல் இசைத்தொகுப்பு 1971இல் வந்தபோது வயது முப்பதைத் தாண்டிவிட்டது. எல்விஸ் அந்த வயதில் உலகப் புகழைப் பார்த்து அலுத்தே போயிருந்தார். அந்தத் தொகுப்பின் அட்டையைத் தேடிப் பாருங்கள். தொழிற்சாலைச் சுவர் ஓரமாக, வேலைக்கு நடுவே கிடைத்த இடைவேளையில் எடுத்த படம். கையில் மதியச் சாப்பாட்டுப் பெட்டி. இசை சோறு போடும் என்ற நம்பிக்கை வராததால் அவர் இன்னும் வேலையை விடவில்லை.